இரவல் கொள்ளுத்தாத்தா

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியிடமிருந்து நான் ஒரே ஒன்றைத்தான் திருடியிருக்கிறேன். அவளுடைய கொள்ளுத்தாத்தாவை.

சங்கிலியைத் திருடியிருந்தால் இவ்வளவு நடுக்கம் இருந்திருக்காது. காலில் விழுந்து, மீட்டுத் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கலாம். கொள்ளுத்தாத்தாவை எங்கே போய் மீட்பது? அதனால் நடந்ததை அப்படியே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள். என் வீட்டில் என் பக்கம் யாரும் கிடையாது. சில நாள் நானே கிடையாது.

நான் திரைத்துணிக் கடையில் விற்பனையாளன். ஜன்னலுக்கு, வாசலுக்கு, மேடைக்கு, எதற்கு வேண்டுமானாலும் துணி கொடுப்போம். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சுருள் சுருளாகப் பிரித்து மேஜையில் போட்டு, அவர் வாயை மூடவைத்துவிடுவேன். கடையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டில் எனக்குப் பேச்சே கிடையாது.

எங்கள் முதலாளி நல்லவர். ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வம்சப் பைத்தியம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது படிப்பைக் கேட்க மாட்டார், அனுபவத்தைக் கேட்க மாட்டார். "உங்க தாத்தா என்ன பண்ணிட்டிருந்தார்?" என்றுதான் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக் கேட்பார். கல்லாவுக்கு மேலே அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று வரிசையாகப் படங்கள். கடைசிப் படத்தில் முகம் தெரியாது. மீசை மட்டும் தெரியும். அதையும் தினமும் துடைத்துக் கும்பிடுவார்.

அந்த முதலாளி ஊரின் மறுகோடியில் புதுக் கிளை திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. கிளைக்கு ஒரு மேனேஜர் வேண்டும். மேனேஜருக்குக் கண்ணாடி அறை. கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலி. காலமெல்லாம் நின்றுகொண்டே துணி விற்றவனுக்கு அந்த நாற்காலி என்ன என்பது உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

போட்டிக்கு ஒருவன் இருந்தான். பக்கத்து மேஜைக்காரன். அவனைச் 'சிரிப்பு' என்றுதான் கூப்பிடுவோம். துணிச் சுருள் காலில் விழுந்தாலும் சிரிப்பான். அவனுடைய தாத்தா பெரிய தையல்காரராம். முதலாளி அதைக் கேட்டுக் கண் கலங்கியதை நானே பார்த்தேன். என் தாத்தா என்ன செய்தார் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் எடுக்காத பேச்சு. அவர் ஒன்றும் செய்யவில்லை. அதைக் கடைசிவரைக்கும் விடாமல் செய்தார்.

இந்த நிலையில்தான் சீஸ் வந்து கெடுத்தது.

என் மனைவி ஒரு சீஸ் செய்வாள். ரொட்டியில் தடவித் தின்கிற சீஸ். பாலைக் காய்ச்சுவாள். எலுமிச்சம்பழம் பிழிந்து திரியவைப்பாள். துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவாள். தண்ணீரெல்லாம் வடிந்ததும் உப்பு, பூண்டு, மிளகு, கொஞ்சம் வெண்ணெய் போட்டு மசிப்பாள். அவ்வளவுதான். ஆனால் கடையில் வட்ட டப்பாவில் விற்பதெல்லாம் அதற்கு முன்னால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு.

இதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய கொள்ளுத்தாத்தா. ஆடு வளர்த்தவர். விற்காமல் மிஞ்சிய பாலைக் கீழே கொட்ட மனசு வராமல் இப்படிச் செய்தாராம். அவர் படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அக்குளில் ஒரு ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார். "இதுல உங்க கொள்ளுத்தாத்தா எது? ரெண்டு பேருக்கும் தாடி இருக்கே" என்று நான் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன். அவள் பதில் சொன்னதே இல்லை. பதில் சொல்லாமல் இருந்தாள் என்றால் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கடையின் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்னய்யா வாசனை?"

"சீஸ் சார்."

கேட்காமலே ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் மென்றார்.

"எந்தக் கடையில வாங்கினது?"

"வீட்டுல செஞ்சது சார்."

"யாரு?"

'என் மனைவி' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சிரிப்பு எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் நாக்கு தானாகப் புரண்டது.

"எங்க வம்சத்துல செய்யறது சார்."

முதலாளி கண்ணைத் திறந்தார். ஒரு துணிச் சுருளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வம்சமா? சொல்லுங்க, சொல்லுங்க."

"எங்க கொள்ளுத்தாத்தா சார். ஆடு வளர்த்தவர். மிஞ்சின பாலைக் கொட்ட மனசு வராம கண்டுபிடிச்சார்."

"ஆகா! அப்போ அவர் சம்சாரம், அவங்க மருமக, உங்க வீட்டுக்காரம்மான்னு கைமாறி வந்திருக்கு."

எனக்குச் சுரீர் என்றது. பேச்சு மனைவி பக்கம் போனால் ஒரு நாள் இவர் மனைவியிடமே போய்க் கேட்டுவிடுவார்.

"இல்லவே இல்ல சார். எங்க வம்சத்துல இதை ஆம்பளைங்கதான் செய்யணும். பொம்பளைங்க தொடவே கூடாது. கொள்ளுத்தாத்தா போட்ட சட்டம்."

"அப்போ இதைச் செஞ்சது?"

"நானேதான் சார்."

சிரிப்பின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. அந்த ஒரு நொடிக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

முதலாளி எழுந்து என் தோளைத் தட்டினார். "புதுக் கிளைக்கு வேர் உள்ள மனுஷனாப் பாத்துட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க இதைச் செய்யணும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். அப்புறம் பேசிக்கலாம்."

ரொட்டியைக் கீழே வைத்தேன்.

பால் எந்த அடுப்பில் வைப்பது என்பதுகூட எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய கஷ்டம், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். அவள் கண் முன்னால் அவள் கொள்ளுத்தாத்தாவை என் கொள்ளுத்தாத்தா என்று காட்ட வேண்டும். முதலாளி போன பிறகு நான் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் நடக்காது. ஆகவே அவளை அப்புறப்படுத்துவது என்று தீர்மானித்தேன். அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"சகலை, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போகணும்."

"ஏன்? அவ உங்களை என்ன பண்ணினா?"

"நிஜமா இல்ல. சும்மா."

"சும்மான்னா எந்த இடத்துல?"

"முதுகு. முதுகுன்னா யாரும் திறந்து பாக்க முடியாது."

"இதுல எனக்கு என்ன லாபம்?"

"நான் மேனேஜர் ஆனா உங்க வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை."

"நடு முதுகா, கீழ் முதுகா?" என்றார் சகலை.

சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்காவுக்கு முதுகு வலியாம். எழுந்திருக்கவே முடியலையாம்."

"அடடா! போய் ஒரு நாள் கூட இருந்துட்டு வாயேன்."

"நீங்களும் வாங்க."

"எனக்கா? எனக்கும் முதுகு வலி."

"உங்களுக்குமா? எங்கே?"

"பின்னாடி."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, நீங்க படுத்துக்கோங்க. நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு குத்தல் இல்லை. முதல் வார்த்தையிலேயே அவள் சம்மதித்தது எங்கள் சரித்திரத்திலேயே கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரிய கைப்பையோடு கிளம்பினாள். வாசலில் நின்று சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏது இவ்வளவு பால் பாக்கெட்டு?"

"முதுகு வலிக்குப் பால் நல்லதாம்."

"குடிக்கவா, தேய்க்கவா?"

"குடிக்க."

"பொங்க விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு ஓடினேன். முதலாளி வருவதற்குள் ஒரு தடவை செய்து பழகிவிடுவது என்று திட்டம். பாலை வைத்தேன். பொங்க விட்டேன். அடுப்பைத் துடைத்தேன். மறுபடி வைத்தேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததில் பாதி பாலிலும் பாதி கண்ணிலும் போயிற்று. ஒற்றைக் கண்ணோடு எட்டிப் பார்த்தேன். திரிந்திருந்தது! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பண்டம் கெட்டதற்காகத் துள்ளிக் குதித்தேன்.

இனி வடிகட்ட வேண்டும். அந்த வெள்ளைத் துணி எங்கே?

அவள் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி வைத்திருப்பாள். எப்போதும் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அன்றைக்கு இல்லை. அலமாரியில் இல்லை. துவைக்கிற கூடையில் இல்லை. பாத்திரங்களுக்குப் பின்னால், படுக்கைக்கு அடியில், எங்கும் இல்லை. பால் ஆறிக்கொண்டிருந்தது. கடிகாரம் என் காதுக்குள்ளேயே அடித்தது. கைக்குட்டை சின்னது. துண்டில் சாயம் போகும். பனியனைக் கையில் எடுத்தேன். வம்சத்துக்கு இழுக்கு என்று கீழே வைத்தேன்.

அப்போதுதான் என் கடைப்பை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மாதிரித் துண்டு அதில் இருந்தது. கடையிலேயே உசத்தியான துணி. வெயில் புகாத துணி. முன்பக்கம் பட்டு மாதிரி, பின்பக்கம் வெள்ளைவெளேர் என்று பூச்சு. துணிக்காரன் கையில் துணிக்கா பஞ்சம்! பாலை மறுபடி கொதிக்கவைத்து, அந்தத் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன்.

சொட்டவில்லை.

தட்டினேன். சொட்டவில்லை. அமுக்கினேன். மூட்டை என்னைத் திருப்பி அமுக்கியது. "ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே நுழையாதுங்க" என்று வருஷக்கணக்காகக் கூவி விற்றவன் நான். வெளிச்சமே நுழையாத துணியில் தண்ணீர் எப்படி நுழையும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? அவிழ்த்துவிடலாம் என்று முடிச்சில் கை வைத்தேன்.

வாசல் மணி அடித்தது.

கதவுத் துளை வழியே பார்த்தேன். முதலாளி. சொன்ன நேரத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே வந்து நின்றார், இஸ்திரி கலையாத சட்டையில்.

உள்ளே வந்தவர் நேராக ஹால் சுவருக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் பேசுவதுபோல் பயபக்தியாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அவரா?"

"அவரேதான் சார்."

"அப்படியே உங்க மூக்கு."

"வம்ச மூக்கு சார்."

கைகூப்பி நின்றார். ஆட்டுக்குட்டிக்கும் சேர்த்துக் கும்பிட்ட மாதிரி தெரிந்தது. எனக்கு வேர்வை முதுகில் இறங்கியது. அந்த முதுகுக்கு இப்போது நிஜமாகவே வலி.

"ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு சார். நீங்க இப்படிச் சோபாவுல…"

"சேச்சே, பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு சொன்னேனே." ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். மூட்டைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சொட்டலையே?"

"சொட்டும் சார்."

மறுபடி பார்த்தோம்.

"இன்னும் சொட்டலையே?"

"எங்க வம்சத்துல எல்லாமே கொஞ்சம் மெதுவாத்தான் சார்."

என் தாத்தாவை நினைத்தால் அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. முதலாளி முன்னால் குனிந்தார். விரலால் மூட்டையைத் தொட்டார். துணிக்காரர் விரல் அது. தொட்ட இடத்திலேயே நின்றது. மெல்லத் துணியின் மூலையைத் திருப்பினார். எங்கள் கடை முத்திரை.

"ஏய்யா," என்றார். குரல் மாறியிருந்தது. "இது நம்ம துணி இல்ல?"

நான் மூலையை இழுத்து முத்திரையை மூடினேன்.

முதலாளி எழுந்து மூட்டையைக் குழாயிலிருந்து எடுத்து என் கையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பால் திரிந்திருந்தது. அதோடு துணியின் பூச்சும் உரிந்து செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சு எது, சீஸ் எது என்று தெரியாத மாதிரி ஒரு குழம்பல். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"கடை மாதிரித் துணியிலயா பாலைக் கட்டினீங்க? இதுதான் உங்க கொள்ளுத்தாத்தா சொல்லிக் கொடுத்ததா?"

நாற்காலி போனால் போகிறது, வேலையே போய்விடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. அந்தச் சாவி உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்தியிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் எனக்குச் சம்பளம் போடுகிறவர். இன்னொரு பக்கம் எனக்குச் சோறு போடுகிறவள். நடுவில் நான், கையில் சொட்டாத மூட்டையோடு.

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மூட்டையைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள்.

"வாங்க சார்," என்றாள் சாவதானமாக. "சோதனை முடிஞ்சுதா?"

"என்ன சோதனைம்மா?"

"இந்தத் துணியைத்தான் சார். வாங்கினவங்க திருப்பிக் கொண்டுவர்றாங்கன்னு இவர் தினமும் வந்து புலம்புவார். அதான் ஒரு துண்டு கொண்டுவாங்க, பாத்துடலாம்னு சொன்னேன்."

முதலாளி முகத்தில் கோபம் பாதியில் நின்றது. "ஆமாம்மா! துவைச்சதும் உதிருதுன்னு சண்டைக்கு வர்றாங்க. ஆலைக்காரனைக் கேட்டா துணி மேல தப்பே இல்லைங்கிறான்."

"ஆலைக்காரங்க சொல்றது சரி சார். தப்பு துணி மேல இல்ல, சூட்டு மேல." என் கையிலிருந்து துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பாருங்க, இந்தப் பூச்சு பச்சைத் தண்ணிக்கு அசையாது. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா இளகிடும். வாங்கறவங்க வெந்நீர்ல முக்கறாங்க. விக்கும்போதே 'வெந்நீர் ஆகாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு துணிகூடத் திரும்பி வந்திருக்காது. ஏன் சொல்லலைன்னுதான் எனக்குப் புரியலை."

சொல்லவேண்டியவன் நான். குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி துணி ஆலையில தரம் பாக்குற பிரிவுல இருந்தேன் சார். இவர் சொல்லலையா?"

"சொல்லவே இல்லையே!"

"மறந்திருப்பார்" என்றாள் அவள்.

நான் பிழைத்தேன். நிஜமாகவே அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. இவளையா வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் முதலாளி வந்த காரியத்தை மறக்கவில்லை.

"அப்போ சீஸ்?"

"அது தயாரா இருக்கு சார். இவர் செஞ்சதுலதான் அக்காவுக்குக் கொஞ்சம் கொண்டுபோனேன். மிச்சம் இருக்கு." கைப்பையிலிருந்து ஒரு டப்பா வந்தது. மூடியைத் திறந்தாள். பூண்டும் மிளகுமாக வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. நான் செய்யாத சீஸை நானே ரொட்டியில் தடவி முதலாளிக்குக் கொடுத்தேன்.

ஹாலில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தின்றார். இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டியவர், சட்டென்று நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இதை நீங்க தொடவே கூடாதாமே? ஆம்பளைங்க மட்டும்தான் செய்யணும்னு இவரோட கொள்ளுத்தாத்தா சட்டமாமே?"

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். அங்கே அவளைப் பெற்றவரின் பாட்டனார், அக்குளில் குட்டியோடு நின்றார். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். கண் இமையால் காலைத் தொட முடியுமானால் தொட்டிருப்பேன்.

"ஆமா சார்," என்றாள். "கடுமையான சட்டம்."

மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"சீஸ் மட்டுமா சார்? அடுப்பு, பாத்திரம், துவைக்கறது, வீடு கூட்டறது, அந்த வம்சத்துல எல்லாமே ஆம்பளைங்கதான். பெரியவர் அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டார். இவர் ஒரு நாள் மீறினதில்ல."

"அப்படியாய்யா?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார்.

இல்லை என்றால் சட்டம் பொய். சட்டம் பொய் என்றால் கொள்ளுத்தாத்தா பொய். கொள்ளுத்தாத்தா பொய் என்றால் நான் தெருவில்.

"ஆமா சார்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் சார். ஒரு காபியாவது போடறேன்னு கெஞ்சுவேன். 'நீ உக்காரு, இது வம்சக் கட்டளை'ன்னுடுவார்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பின் தாத்தாவுக்குக்கூட இவ்வளவு கலங்கவில்லை.

"எங்க வம்சத்துல இப்படி ஒருத்தர்கூட இல்லையே," என்றார். "உங்களைப் போய்ப் புதுக் கிளையில போடலாம்னு நெனைச்சேனே. விடியறதுக்குள்ள போகணும், எல்லாரும் போனப்புறம் பூட்டிட்டு வரணும். இந்த வீட்டு வேலையெல்லாம் அப்போ யாரு பாக்கறது? ஒரு வம்சக் கட்டளையைக் கலைச்ச பாவம் எனக்கு வேண்டாம்யா."

சுழல் நாற்காலி என் கண் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"சார், அதை நான் எப்படியாவது சமாளிச்சுப்பேன்…"

"வேண்டாம், வேண்டாம். நீங்க பெரிய மனசோட சொல்லுவீங்க."

"அப்போ சிரிப்புக்கா சார்?"

"அவனுக்கு வெந்நீர் விஷயம் தெரியுமா?" என்றார் முதலாளி. பிறகு என்னைத் தாண்டிப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குத்தான் வீட்டுல ஒரு வேலையும் கிடையாதே. துணியைத் தொட்டாலே குணம் சொல்றீங்க. வம்சத்துக்கு மதிப்புக் கொடுக்கற குடும்பம். அந்தக் கிளையை நீங்களே பாத்துக்கிட்டா என்ன?"

"யோசிச்சுத்தான் சார் சொல்லணும்" என்றாள் அவள். மூச்சு விடாமல், "எப்போ சேரணும்?" என்றாள்.

"நாளைக்கே வாங்க."

முதலாளி படத்தை இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு, டப்பாவை மீதியோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கதவு சாத்தியதும் நான் அவளைப் பார்த்தேன். அவள் சோபாவில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை. உங்க முதலாளி நம்ம வீட்டுக்குப் போன் பண்ணினார். 'உங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா படம் இருக்காம்மா?'ன்னு கேட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் விளங்கலை. அப்புறம் நல்லாவே விளங்கிச்சு."

"அக்கா முதுகு?"

"அக்காவே போன் பண்ணி, 'ஞாயித்துக்கிழமை எனக்கு முதுகு வலியாம், வர்றியா?'ன்னு கேட்டா."

"அந்த வெள்ளைத் துணி?"

"என் பையில. அது இல்லாட்டி அக்கா வீட்டுல எதுல வடிகட்டறது? நீங்க பனியனைக் கட்டுவீங்கன்னு நெனைச்சேன். கடைத்துணியைக் கட்டுவீங்கன்னு நான் கனவுல கூட நெனைக்கலை. கதவைத் திறந்ததும் எனக்கே பகீர்னு ஆயிடுச்சு."

"அவர் ஏன் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்தார்?"

"நான்தான் கொஞ்சம் சீக்கிரமா வரச் சொன்னேன்."

"கோபமா?" என்றேன்.

"இத்தனை வருஷமா இருந்துது," என்றாள். படத்தைப் பார்த்தாள். அவள் முகம் இளகியிருந்தது. "இன்னிக்கு உங்க முதலாளி செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டார் இல்ல? போயிடுச்சு."

நான் ஒரு நாள்கூட அவரைக் கும்பிட்டதில்லை. வெட்கத்தோடு சமையலறைப் பக்கம் திரும்பினேன். பாத்திரங்கள் எனக்காகக் காத்திருந்தன.

"நாளைக்கு முதல் நாள்," என்றாள் பின்னாலிருந்து. "சாப்பாடு நேரத்துக்குக் கட்டிடணும்."

"சரி. என்ன வேணும்?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். எங்கள் முதலாளி தூக்குவாரே, அதே மாதிரி ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வேணும், மேடம்?" என்றேன்.